பழைய காரின் கன்வர்ட்டரைக் கழற்றிவிடலாமா? வாசகர் கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை 1999-இல் புதிதாக வாங்கிச் சென்னையிலேயே பதிவுசெய்த பெட்ரோல் கார் ஒன்று இப்போது அவர் கையில் இருக்கிறது. அந்த மாடல் வடசென்னையில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஓடுகிறது என்பதால், பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும், விட்டுவிடுகிறேன். தந்தை சென்ற ஆண்டு காலமானார். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டியை வெளியே எடுத்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வடிவுடையம்மன் கோயில்வரை போய்வருகிறார். சில வாரங்களில் அவருடைய அக்கா மகனும் ஓட்டுகிறான்.

சில மாதங்களாக வண்டியில் இழுவை இல்லை. மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டது என்றும், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை வெல்டிங் செய்துவிடலாம் என்றும் சொல்கிறார். கூடவே எரிந்த வாயுவில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைப்பது, புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அறியும் ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பை எடுப்பது, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரை நீக்குவது ஆகியவையும் அவருடைய திட்டத்தில் உண்டு. கழற்றிய பழைய கன்வர்ட்டரை அவரே எடுத்துக்கொள்வாராம். அதனால் கூலி சொற்பம்தானாம். கேனிஸ்டரின் ஹோஸை "டிரையலுக்காக" இப்போதே பிடுங்கி விட்டிருக்கிறார். அன்றிலிருந்து இரவில் வீட்டுக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்று வாசகர் ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. கிளாசிக் காருக்கு இந்தக் கட்டுப்பாடுகளெல்லாம் பொருந்துமா? புகைப் பரிசோதனையில் தேறிவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்? பிடிபட்டால் என்ன ஆகும், காப்பீடு கிடைக்காமல் போய்விடுமா? மணலியில் ஆலைகள் விடும் புகைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் ஒரு காரின் புகை எம்மாத்திரம்?

அன்புள்ள வாசகருக்கு,

சட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஹோஸை இன்றைக்கே திரும்ப மாட்டச் செய்யுங்கள். மாட்டும்வரை வண்டியை வீட்டின் கீழ்த்தளத்தில் நிறுத்த வேண்டாம். டேங்கில் இருக்கும் பெட்ரோல் நம் ஊர் வெயிலில் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கேனிஸ்டருக்குள் இருக்கும் கரி அந்த ஆவியை உறிஞ்சிவைத்து, என்ஜின் ஓடும்போது எரிவதற்காக உள்ளே அனுப்புகிறது. ஹோஸைப் பிடுங்கிவிட்டால் அந்த ஆவி நேராக வெளியே வந்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போய்விடாமல் தரையோடு தவழ்ந்து தேங்கும். உங்கள் தெருவைப் போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடத்தில், வண்டி நிற்கும் அறைக்கு அடுத்து சமையலறை இருக்குமானால், இது மாசு பற்றிய பேச்சே அல்ல. தீ பற்றிய பேச்சு. அப்படி ஒன்று நடந்தபின் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பிடுங்கிவிடப்பட்ட ஹோஸைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதையும் யோசித்துப்பாருங்கள்.

இந்தப் பதிலில் வரும் இயந்திர விவரங்களை, மோட்டார் காப்பீட்டு சர்வேயராகப் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

கிளாசிக் காருக்குத் தனிச் சலுகை உண்டா?

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'கிளாசிக்' என்றொரு வகை கிடையாது. 'வின்டேஜ்' என்ற வகைதான் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை மட்டும் அவ்வகையில் பதிவுசெய்யலாம். அவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும்; ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு அன்றி, அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. உங்கள் வண்டி அந்த வயதை எட்ட 2049 ஆகும். அன்றைக்கும்கூட, சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. அசல் பாகங்களைக் கழற்றி எறிந்த வண்டிக்காக அந்தச் சலுகை எழுதப்படவில்லை.

இந்தக் கருவிகளைக் கழற்றினால் என்ஜினுக்குப் பலம் கூடும் என்று காட்டுவதாக நீங்கள் கடிதத்தில் குறிப்பிடும் அமெரிக்க வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலும் 1970-களின் கார்புரேட்டர் என்ஜின்களைத்தான் காட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றில், எக்ஸாஸ்டுக்குள் காற்றைத் தள்ளுவதற்கென்றே பெல்ட்டில் ஓடும் ஒரு பம்ப் இருந்தது. அதை எடுத்துவிட்டால் என்ஜினின் சுமை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். உங்கள் வண்டியோ கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷனில் ஓடுவது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் எடுத்து எறிந்து லாபம் பார்க்க அப்படியொரு பம்ப் இல்லை. தவிர, அமெரிக்காவிலும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்கச் செய்வது அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டதே. 1990-இல் வந்த திருத்தத்துக்குப் பின் தனிமனிதர்களுக்கும் அந்தத் தடை பொருந்தும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு; ஆனால் பரிசோதனைக்கு விலக்கு என்பது பாகத்தைக் கழற்றுவதற்கு அனுமதி ஆகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த கேள்வியும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறது.

புகைச் சான்றிதழ் (பி.யூ.சி.) கிடைத்தால் போதாதா?

"கன்வர்ட்டர் இல்லாமலேயே பி.யூ.சி. வாங்கித் தருகிறேன்" என்று உங்கள் மெக்கானிக் சொல்வதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. பாரத் ஸ்டேஜ்-2 தரநிலை வருவதற்கு முன் தயாரான பெட்ரோல் கார்களுக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரையிலும், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரையிலும் அனுமதி உண்டு. அதற்குப் பின் வந்த வண்டிகளுக்கு அந்த வரம்பு 0.5 சதவீதம், 750 பி.பி.எம். என்று இறங்கியது, பாரத் ஸ்டேஜ்-4 வந்தபோது இன்னும் இறுகியது. உங்கள் 1999 வண்டி பழைய வரம்புக்குள் வருவதால், என்ஜினை ஒழுங்காக டியூன் செய்தால் கன்வர்ட்டர் இல்லாமலேயே தேறிவிடக்கூடும். ஏனென்றால் பெட்ரோல் காருக்குச் செய்யப்படும் அந்தச் சோதனை, வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது குழாய்முனையில் வரும் இரண்டு வாயுக்களை மட்டுமே பார்க்கிறது. ஈ.ஜி.ஆர். வால்வு எதைக் குறைப்பதற்காகப் பொருத்தப்பட்டதோ, அந்த நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை.

ஆகவே பி.யூ.சி. என்பது அந்த நாளில், அந்த நிலையில், புகை வரம்புக்குள் இருந்தது என்பதற்கான சான்று. வண்டியில் சட்டவிரோதமான மாற்றம் எதுவும் இல்லை என்பதற்கான சான்று அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது மிகப் பரவலான தவறு. என்னிடம் வரும் படித்த கட்சிக்காரர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மாற்றத்தைப் பற்றிப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது: தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புதான் அளவுகோல், மாநில விதியைக் காட்டி அதைத் தாண்ட முடியாது என்றது. "ஆர்.சி. புத்தகத்தில் கன்வர்ட்டர் என்ற சொல்லே இல்லையே" என்று உங்கள் மெக்கானிக் கேட்டிருப்பது நல்ல கேள்வி. வழக்கறிஞனாக நானும் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம். ஆனால் அது வெல்லும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலக்காத பெட்ரோல் இங்கே வந்ததும் அதற்காகத்தான். உங்கள் வண்டி அதன்பின் சென்னையில் பதிவானது. அதாவது அந்தக் கருவி, வண்டி பதிவாவதற்கே தேவைப்பட்ட ஒன்று. பிற்பாடு யாரோ ஆசைக்குப் பூட்டிய உதிரி அல்ல. மேலும் 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, ஆர்.சி. விவரங்கள் மாறினவா என்று கேட்பதோடு நிற்கவில்லை. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத எந்த மாற்றத்தையும் உரிமையாளரின் குற்றமாக்குகிறது.

சோதனையே செய்யாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் யோசனை ஒன்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். பொய்யான சான்றிதழைத் தெரிந்தே காட்டுவது வேறு சட்டத்தின்கீழ் வரும் வேறு குற்றம். அபராதத்துக்குப் பயந்து அதைவிடப் பெரிய குழியில் விழ வேண்டாம்.

பிடிபட்டால் என்ன?

182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். உங்கள் மெக்கானிக்கின் பட்டியலில் நான்கு இருக்கின்றன. மாசுத் தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190(2) பிரிவு வரும்: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ, அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும். இந்தப் பிரிவு ஓட்டுபவரோடு நிற்பதில்லை, ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்துப் பிடிக்கும். உங்கள் அக்கா மகன் ஓட்டும் ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினால் அவன் உரிமமும் சிக்கும், நீங்களும் சிக்குவீர்கள். வேலையைச் செய்து கொடுத்த மெக்கானிக்கோ இந்த இரண்டு பிரிவுகளுக்கும் வெளியே நிற்கிறார்.

நடைமுறையில் இதற்காக யாரும் சிறைக்குப் போனதாக நான் சொல்ல வரவில்லை. சாலையில் காரின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்க்கும் அதிகாரி அபூர்வம். ஆனால் வெறும் குழாய் போட்ட வண்டி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சத்தம் ஏறிவிடும், சைலன்சர், இரைச்சல் பற்றிய விதிகள் தனியாக இருக்கின்றன. புகை அதிகம் என்று சந்தேகம் வந்தால், சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியோ, பிரேக் இன்ஸ்பெக்டரோ வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தும்படி எழுத்துமூலம் உத்தரவிடலாம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டியாக வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

காப்பீட்டைப் பொறுத்தவரை உங்கள் பயத்தில் பாதி தேவையற்றது. பி.யூ.சி. காலாவதியானால் விபத்து இழப்பீடே கிடைக்காது என்று பரவும் செய்தி தவறு. அந்த ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுப்பிக்கப் பி.யூ.சி. வேண்டும் என்று 2017-இல் விதித்த நிபந்தனையையும் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நீக்கிவிட்டது. மீதிப் பாதி தேவையான பயம். வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்துவிட்டு, அந்த மாற்றத்தால் சேதம் நேர்ந்தால், உங்கள் சொந்த வண்டிக்கான இழப்பீட்டில் அவர்கள் தகராறு செய்ய நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

மணலியைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட குறியீட்டில் மணலி, மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக இடம்பெற்றது. அதற்காக வழக்காட விரும்பினால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதே சென்னையில் இருக்கிறது. அந்த வேலைக்கு மகிழ்ச்சியோடு உதவுவேன். ஆனால் ஆலையின் புகையைக் காட்டி உங்கள் வண்டியின் புகைக்குத் தள்ளுபடி கேட்கும் வாதம் எந்த அதிகாரியிடமும் எடுபடாது. ஆலைப் புகை உயரமான கோபுரத்திலிருந்து வெளியேறுகிறது, உங்கள் குழாயோ எதிர்வீட்டுத் திண்ணையின் மட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு உண்மையில் என்ன கோளாறு?

கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவுசெய்தார் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. ஊகத்தில் வெட்டி எடுக்கும் பொருள் அல்ல அது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, என்ஜினை முடுக்கிப் பார்த்தால் எதிரழுத்தம் எவ்வளவு என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1999 வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. அவை உப்பி, வெடித்து, எங்கோ காற்றோ பெட்ரோலோ கசிந்தாலும் நீங்கள் சொல்லும் அத்தனை அறிகுறிகளும் வரும். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சிறிதளவு இறங்குவதும் இயல்புதான். வாக்யூம் ஹோஸ்கள், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் என்று மலிவானவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஈ.ஜி.ஆர். வால்வு, எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி, எரிதலின் வெப்பத்தைக் குறைக்கிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அது மூடிக்கொள்ளும். ஆகவே அதை அடைத்தால் மேம்பாலம் ஏற பலம் கூடும் என்பதில் பொருளில்லை. கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால்தான் திணறல் வரும், அதற்கு மருந்து கழற்றிச் சுத்தம் செய்வது. அடைத்துவிட்டால் வெப்பம் கூடி என்ஜின் 'நாக்' அடிக்க, அதாவது கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டும் சத்தம் எழுப்பத் தொடங்கலாம். ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பை எடுப்பதோ உங்கள் குறையை அதிகப்படுத்தும். கலவை சரியா என்று அறிய வழியில்லாத கம்ப்யூட்டர் முன்னெச்சரிக்கையாகப் பெட்ரோலை அதிகமாக ஊற்றும்.

சோதனையில் கன்வர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருந்தால் அதை மாற்றுங்கள். அதற்குச் சமமான கொள்ளளவுள்ள புதிய கன்வர்ட்டரைப் பொருத்துவது பழுதுபார்ப்பு; மாற்றம் ஆகாது. ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவையில்லை. அசல் பாகம் கிடைக்காவிட்டாலும் பொதுவான வகைகள் சந்தையில் உண்டு. கருவியின் பெயரும் கொள்ளளவும் எழுதிய பில்லை வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பழையது ஏன் அடைத்தது என்றும் கேட்க வேண்டும்: என்ஜின் ஆயில் எரிகிறதா, ஏதாவது சிலிண்டரில் பிளக் சரியாகப் பொறி விடவில்லையா? அதைச் சரிசெய்யாமல் போட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

இன்னொன்று. அந்தக் கருவிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. அடைத்துப்போனாலும் உலோகத்தின் மதிப்பு குறையாது. பழைய கன்வர்ட்டரை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைப்பதாகச் சொல்பவர் உங்களுக்குச் சலுகை தருவதாக நினைக்காதீர்கள். உங்கள் மெக்கானிக்கின் நோக்கத்தை நான் சந்தேகிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கழற்றிய பொருள் உங்கள் சொத்து, அதை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. இன்னும் தந்தை பெயரில்

கடிதத்தின் நடுவில் இதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் பார்வையில் கன்வர்ட்டரைவிட இது அவசரம். உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு மூன்று மாதம்வரை வண்டியை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தமும் பொதுவாக இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்வரை, அல்லது பாலிசி முடியும்வரை, எது முந்தியதோ அதுவரைதான் வாரிசைக் காக்கும். உங்களுக்கு அந்த அவகாசம் முடிந்துவிட்டது. இந்த நிலையில் விபத்து ஏதும் நேர்ந்தால் கன்வர்ட்டர் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு முன்பே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

தாமதத்துக்கான தொகையைக் கட்டி இப்போதும் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் தாயாரும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தரும் உறுதிமொழி, நடப்பிலுள்ள காப்பீடு, செல்லுபடியாகும் பி.யூ.சி. ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பெயர் மாறும்வரை அக்கா மகனிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம், நீங்களும் எடுக்க வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்ததும், காப்பீடும் உங்கள் பெயரில் நடப்பில் இருக்கிறது என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிசெய்துகொண்ட பின் வண்டியை வெளியே எடுங்கள்.